இழக்க ஒன்றுமில்லாத கண்

வீரமணிக்குப் பார்வை போனது ஒரு ஜூன் மாதம், கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்துப் பலருக்கு உயிரே போன அதே வாரத்தில். பதினோரு வருடம் லாரியில் லோடுமேனாக இருந்தவர். கல்வராயன் மலையில் பிடுங்கும் மரவள்ளிக் கிழங்கை மூட்டை கட்டி ஏற்றிக்கொண்டு வந்து கீழே ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளில் இறக்குவது அவர் வேலை. அன்றும் இறக்கிவிட்டு வந்துதான் குடித்தார். மறுநாள் காலையில் வாசலில் உட்கார்ந்து, "இன்னா அபி, ஒரே பனியா இருக்குது?" என்றார். தெருவில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

மகள் அபிநயா ஓடிப்போய் ஆட்டோ பிடித்தாள். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். பனி மட்டும் விலகவில்லை. ஒரு வாரத்தில் அதுவும் போய் முழு இருட்டாகிவிட்டது. இரண்டு கண் நரம்பும் செத்துவிட்டன என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்.

அபிநயாவின் அம்மா அமிர்தம் மூன்று வருடம் முன்பே மஞ்சள் காமாலையில் இறந்திருந்தாள். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். அபிநயா அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடம். அந்த வருடம் வகுப்பில் ஆளுக்கொரு தலைப்பில் பேச வேண்டியிருந்தது. அவள் எடுத்துக்கொண்டது அந்தச் சாராயத்தில் கலந்திருந்த மெத்தனால். மெத்தனால் தானாகக் கண்ணைக் கெடுப்பதில்லை. ஈரலில் இருக்கிற ஒரு என்சைம் அதிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்குகிறது. மிச்சமிருப்பது படிப்படியாக ஃபார்மிக் அமிலமாகிக் கண் நரம்பைத் தின்கிறது. பிடுங்கப்படும் ஹைட்ரஜனுக்கு முன்னால் ஒரு ஆற்றல் தடுப்பு நிற்கிறது. அதைத் தாண்டப் போதுமான சக்தி இல்லாதபோதும் அது அந்தப் பக்கம் போய்விடுகிறது. சுவரில் ஏறாமல் சுவருக்குள்ளேயே புகுந்து வெளியே வந்துவிடுகிறது. இதற்குப் பெயர் டனலிங். அணுவுக்குள் மட்டும் நடப்பதாக நினைத்த குவாண்டம் சங்கதி மனுஷன் ஈரலிலும் நடக்கிறது என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள். யார் ஈரல் என்று சொல்லவில்லை. வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் பேச்சை நினைவில் வைத்திருந்த துறைத் தலைவர்தான், படிப்பு முடிந்த மறுமாதம் அவளைக் கூப்பிட்டு ஒரு கம்பெனியின் விலாசம் கொடுத்தார்.

கச்சிராயபாளையம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். தலைமை இடம் சென்னை. இங்கே பொறுப்பில் இருந்தவர் டாக்டர் இளஞ்செழியன். களமருதூர்க்காரர், நல்ல நஞ்சை உள்ள குடும்பம், ஜெர்மனியில் படித்துவிட்டுத் திரும்பியவர். குரலை உயர்த்தவே மாட்டார். அவளை உட்காரவைத்து, ஒரு கண்ணாடித் தகட்டைக் கையில் கொடுத்தார். அதில் கத்தரிப்பூ நிறத்தில் மெல்லிய படலம் ஒன்று ஒட்டியிருந்தது.

"மரக்காணம் உப்பளத்துல தண்ணி சில சமயம் ரோஸ் கலர்ல இருக்கும், பார்த்திருக்கியா? அந்த மாதிரி உப்புல வாழுற கிருமியோட புரதம் இது. உள்ள ரெட்டினால்னு ஒரு மூலக்கூறு. நம்ம கண்ணுக்குள்ள இருக்கிறதும் அதேதான். ஒரே ஒரு ஒளித்துகள் பட்டா போதும், மடங்கிடும். எவ்வளவு நேரத்துல?"

"ஒரு செகண்டுல லட்சம் கோடியில ஒரு பங்கு, சார். அதை விடக் கம்மி."

அவர் சிரித்தார். "பழைய இயற்பியலை வெச்சு அந்த வேகத்துக்குக் கணக்கே போட முடியாது. குவாண்டம் கணக்குதான். இயற்கை முந்நூறு கோடி வருஷமா வெச்சிருக்கிற கருவி. இதை இருநூறு அடுக்கு அடுக்கி, நகத்துல பாதி அகலத்துக்கு வெட்டி, விழித்திரையில ஒட்ட வைக்கிறோம். பேட்டரி வேணாம், கேமரா வேணாம். வெளிச்சம் பட்டா மின்னூட்டம் நகரும். கீழ இருக்கிற நரம்பு செல் அதைப் பிடிச்சுக்கும்."

"நரம்பு செத்துப் போயிருந்தா, சார்?"

"ஒண்ணும் நடக்காது."

"அப்ப எதுக்கு சார் கள்ளக்குறிச்சிக்கு வந்தீங்க? இங்க எல்லாருக்கும் நரம்புதானே போச்சு."

அவள் கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. "முதல் கட்டத்துல பார்வை வருதான்னு பார்க்கப் போறதில்லை. உடம்பு இதை ஏத்துக்குதா, அவ்வளவுதான். கொஞ்சம் பார்வை மிச்சம் இருக்கிறவங்க கண்ணுல கத்தி வெச்சு ஏதாவது ஆச்சுன்னா நாங்க தொலைஞ்சோம். இழக்க ஒண்ணும் இல்லாத கண் வேணும். அது இந்த ஊர்ல இருக்கு."

பிறகு அவளுக்கு வேலை என்ன என்று விளக்கினார். சோதனைகளை நடத்தி, பதிவு செய்ய வேண்டும். இந்தக் கட்டம் நல்லபடி முடிந்தால் சென்னை லேபுக்கு எடுத்துக்கொள்வார்கள். அங்கிருந்தே மேற்படிப்பு. கிளம்பும்போது கதவு வரை வந்தார்.

"உங்கப்பாவைப் பத்தி உங்க ஹெச்.ஓ.டி. சொன்னார். நான் வற்புறுத்தலை. வேலை வேற, அது வேற. ஆனா இங்க வேலை செய்யுற பொண்ணே அவங்கப்பாவைக் கூட்டிட்டு வரலைன்னா, ஊர்ல வேற யாரும்மா வருவாங்க?"

பங்கேற்பவருக்குப் படிவத்தை முழுதாகப் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. படிவம் நல்ல தமிழில்தான் இருந்தது. "நீயே படிச்சுடு, நீதான் சாட்சி" என்று இளஞ்செழியன் சொல்லிவிட்டார். அபிநயா வீட்டுக்கு எடுத்துப் போய், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். நான்காம் பக்கத்தில், 'இச்சோதனையால் பங்கேற்பாளருக்குப் பார்வைப் பலன் எதுவும் எதிர்பார்க்கப்படுவதில்லை' என்று இருந்தது. அந்த இடத்தில் நிறுத்தினாள். தண்ணீர் குடித்தாள். அடுத்த வரியிலிருந்து தொடர்ந்தாள்.

"கண்ணு தெரியுமா?" என்று வீரமணி கேட்டார்.

"கொஞ்சம் வெளிச்சம் தெரியலாம்னு போட்டிருக்குதுப்பா."

"எங்க கைநாட்டு வெக்கணும்?"

"கைநாட்டு இல்ல. உனக்குத்தான் கையெழுத்து வருமே."

அவர் விரலைப் பிடித்து அவள் காட்டிய இடத்தில் அவர் எழுதினார். எழுத்து கோட்டை விட்டு மேலே ஏறிப் போயிருந்தது.

சென்னையில் அறுவை சிகிச்சை நடந்தது. வலது கண். கட்டுப் பிரித்துத் திரும்பிய பிறகு வாரம் ஒருநாள் மண்டபத்து மாடியில் சோதனை. மேசைமேல் ஒரு கறுப்புப் பெட்டி. அதில் இடப்பக்கம் ஒரு விளக்கு, வலப்பக்கம் ஒரு விளக்கு. கம்ப்யூட்டர் சொல்லும் வரிசையில் அபிநயா பொத்தானை அழுத்துவாள். எந்தப் பக்கம் வெளிச்சம் என்று வீரமணி சொல்ல வேண்டும். நாற்பது முறை.

முதல் ஐந்து வாரம் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "ஒண்ணும் தெர்லம்மா."

அபிநயா அதை அப்படியே பதிந்தாள். கண் சிவக்கவில்லை, சீழ் பிடிக்கவில்லை, படலம் இடம் நகரவில்லை. கம்பெனிக்கு வேண்டியது கிடைத்துக்கொண்டிருந்தது. ஐந்தாம் வாரம் முடிந்து வீரமணியை வெளியே பெஞ்சில் உட்காரவைத்திருந்தபோது, இளஞ்செழியன் அவருக்குப் பக்கத்தில் நின்றபடியே போனில் பேசினார். இந்த யூனிட்டை மாசக் கடைசியோடு மூடிவிடலாம், ஊழியர்களை அனுப்பிவிடலாம், சென்னைக்கு யாரும் தேவைப்படாது. கண் தெரியாதவர்கள் பக்கத்தில் இருக்கும்போது ஆள் யாரும் இல்லை என்றே சிலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

ஆறாம் வாரம், மூன்றாவது முறை பொத்தானை அழுத்தியதும் வீரமணி தலையைத் திருப்பினார்.

"இந்தாண்ட. இந்தாண்ட இன்னாவோ மின்னுது."

வலப்பக்கம்தான் விளக்கு எரிந்தது. அன்று நாற்பதில் முப்பத்தொன்று சரியாகச் சொன்னார். மறுவாரம் முப்பத்தாறு. நடக்க முடியாதது நடக்கிறது என்று அபிநயாவுக்குத் தெரியும். ஆனால் சுவரில் ஏறாமலே அந்தப் பக்கம் போய்விடும் ஹைட்ரஜனைப் பற்றி வகுப்பில் பேசியவள் அவள். அந்த இரண்டு வாரமும் அப்பாவுக்குச் சோறு போடும்போதெல்லாம் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இளஞ்செழியன் யூனிட்டை மூடவில்லை. "சில நரம்பிழைகள் தப்பிச்சிருக்கணும்" என்று சென்னைக்கு எழுதினார். வீடியோ எடுக்க ஆள் வரவழைத்தார். மண்டபத்து மாடி வீடியோவுக்குச் சரிப்படாது, மலைக்குப் போகலாம் என்று முடிவானது.

ஒரு காரில் கல்வராயன் மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்குப் போனார்கள். கோமுகி அணை தாண்டி மலைப்பாதை ஏறத் தொடங்கியதும் வீரமணி கண்ணாடியை இறக்கச் சொன்னார். வண்டி திரும்பும் முன்பே எந்தப் பக்கம் திரும்பும் என்று உடம்பு சாய்ந்தது. மேலே ஒரு வளைவில் நிறுத்தி, அவரைக் கைப்பிடிச் சுவருக்குப் பக்கத்தில் நிற்கவைத்தார்கள். கேமரா ஓடியது. இளஞ்செழியன் கேட்டார்.

"ஐயா, எதிர்ல என்ன தெரியுது?"

"மலை தெரியுதுங்க. கலங்கலாத்தான். ஒண்ணு பின்னால ஒண்ணு மூணு வரிசை. நடுவுல பள்ளம். அந்தாண்ட ஒத்தப் பனை ஒண்ணு நிக்குது பாருங்க."

பனை இருந்தது. வீடியோ எடுப்பவன் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான்.

"கீழ?"

"கெழங்குக் காடுங்க. பச்சப் பசேல்னு இருக்குது. காத்துல ஆடுது."

அபிநயா எட்டிப் பார்த்தாள். கிழங்கு பிடுங்கி முடித்திருந்தார்கள். பள்ளம் முழுக்க வெறும் செம்மண். ஒரு ஓரத்தில் காய்ந்த குச்சிகளைக் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருந்தார்கள். பச்சை என்று சொல்ல ஒரு இலை இல்லை.

வீடியோ எடுப்பவனும் பார்த்தான். இளஞ்செழியனும் பார்த்தார். பிறகு இளஞ்செழியன் சைகை காட்ட, அவன் கேமராவை எதிர்ச் சரிவுக்குத் திருப்பினான். அங்கே பச்சை இருந்தது.

இறங்கும் வழியெல்லாம் வீரமணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அடுத்த வாரச் சோதனையில் அபிநயா மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கவனித்தாள். பொத்தானை அழுத்தியதும் பெட்டிக்குள் விளக்கைப் போடும் சுவிட்சிலிருந்து சின்னதாக ஒரு 'டிக்' கேட்டது. இடது விளக்குக்கு ஒரு மாதிரி, வலதுக்குச் சற்றே கனமாக. லாரி டயரில் சிக்கிய கல்லின் ஓசையைக் கேட்டே எந்தச் சக்கரம் என்று சொன்னவருக்கு இதைப் பிரித்தறிவது பெரிய விஷயம் இல்லை. அவள் எழுந்து மின்விசிறியை மறுபடி போட்டாள். சத்தத்தோடு ஓடும் விசிறி அது. அன்று இருபத்தொன்பது. 'இயல்பான ஏற்ற இறக்கம்' என்று பதிந்தாள்.

வீடியோ எல்லா போனுக்கும் வந்துவிட்டது. இரண்டாம் நாள், நான்கு வீடு தள்ளியிருந்த பாவாடை என்பவரை அவர் மனைவி சாலம்மாள் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். பாவாடை கொத்தனாரிடம் சித்தாளாக இருந்தவர். வீரமணி குடித்த அதே நாளில் குடித்து, அதே வார்டில் கிடந்தவர்.

"மச்சான், மெய்யாலுமே தெரியுதா? என் புள்ளைங்க மேல சத்தியமா சொல்லு" என்று பாவாடை கேட்டார்.

அபிநயா அடுப்படியில் நின்றிருந்தாள். அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியுது மச்சான்" என்றார் கடைசியில்.

சாலம்மாள் சத்தமாக அழுதாள். "அபி, உன் கால்ல வேணா வுழுறேன். எங்க வூட்டுக்காரரையும் சேத்துவுடு."

படிவத்தைப் பாவாடைக்குப் படித்துக்காட்டும்போது அபிநயா எதையும் விடவில்லை. நான்காம் பக்கத்தை இரண்டு முறை படித்தாள். "மாமா, நல்லா கேட்டுக்க. பார்வை வராதுன்னு போட்டிருக்குது. வராது."

பாவாடை சிரித்தார். "அதெல்லாம் சும்மா எழுதி வெப்பாங்க அபி. நாளைக்கு கேஸு கீசு போடக்கூடாதுன்னு. உங்கப்பனுக்குத்தான் தெரியுதே."

அவள் வாயைத் திறந்தாள். அப்பா பெயரை இழுக்காமல் அதற்கு மேல் எதையும் சொல்ல முடியாது. மூடிக்கொண்டாள்.

முன்சோதனையில் பாவாடையின் கண்ணில் டார்ச் அடித்தபோது இடது கண்ணின் பாப்பா லேசாகச் சுருங்கியது. அவள் ஓடிப்போய் இளஞ்செழியனிடம் சொன்னாள். "சார், மாமாவுக்கு இடது கண்ணுல கொஞ்சம் மிச்சம் இருக்குது. காலையில வாசல்ல உக்காந்தா பொழுது விடிஞ்சது தெரியும்னு சொல்றாரு. ஆள் குறுக்கால போனா நெழலாட்டம் தெரியுதாம். அந்தக் கண்ணைத் தொட வேணாம் சார்."

"அப்ப வலது கண்ணுல வைப்போம்" என்றார் அவர்.

பாவாடை ஒத்துக்கொள்ளவில்லை. செத்த கண்ணில் ஒட்டி என்ன பிரயோஜனம், உசுரு இருக்கிற கண்ணில் வைத்தால்தான் பிடிக்கும் என்று பிடிவாதம் பிடித்தார். இளஞ்செழியன் ஒரு நாள் யோசித்தார். நரம்பு மிச்சமிருக்கிற கண் என்றால் கிடைக்கும் தகவலுக்கு மதிப்பு ஜாஸ்தி. "அவரே விரும்பிக் கேட்கிறார்" என்று குறிப்பு எழுதிக் கையெழுத்து போட்டார். இடது கண்ணுக்குத் தேதி குறித்தார்கள்.

பாவாடை சென்னையிலிருந்து திரும்பிய இரண்டாம் வாரம், கம்பெனியில் பணம் போடுகிறவர்கள் வெளியிலிருந்து ஒரு விஞ்ஞானியை அனுப்பினார்கள். பெயர் சுபஸ்ரீ. வீடியோவைப் பாராட்டினாள். பிறகு, தானே ஒருமுறை சோதனையைப் பார்க்க வேண்டும் என்றாள். வீரமணி உள்ளே வருவதற்கு முன் மின்விசிறியை நிறுத்தி, பெட்டியின் பின்பக்கம் திறந்து இரண்டு விளக்குகளையும் கழற்றி எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அபிநயாவிடம், "வழக்கம்போல நடத்துங்க" என்று மட்டும் சொன்னாள்.

வீரமணி வந்து உட்கார்ந்தார். நல்ல சட்டை போட்டிருந்தார். புதிதாக யாரோ வந்திருப்பது தெரிந்து அந்தத் திசைக்கு வணக்கம் வைத்தார்.

அபிநயா பொத்தானை அழுத்தினாள். டிக்.

"இடது."

டிக்.

"வலதுங்க. நல்லா பளிச்சினு தெரியுது."

அவள் அழுத்திக்கொண்டே போனாள். நிறுத்தியிருக்கலாம், இருமியிருக்கலாம், பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். சுபஸ்ரீ அவளுக்கு நேர் எதிரில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விசிறி ஓடாத அறையில் வீரமணியின் காது ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. நாற்பதுக்கு நாற்பது. அதற்கு முன் அவர் அத்தனை எடுத்ததே இல்லை. முடிந்ததும் சிரித்த முகத்தோடு, "எத்தினி அபி?" என்றார்.

சுபஸ்ரீ பதில் சொன்னாள். "ஐயா, பெட்டியில விளக்கே இல்லை. கழட்டிட்டேன்."

வீரமணியின் சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே முகத்தில் கிடந்தது.

"அபி," என்றார். "விளக்கு இல்லியா?"

"இல்லப்பா."

இளஞ்செழியன் எழுந்தார். அப்போதும் அவர் குரல் உயரவில்லை. "இவ்வளவு நாளா எங்களை ஏமாத்தியிருக்கீங்க. உங்களை நம்பி எத்தனை பேர் உழைச்சிருக்கோம் தெரியுமா?" என்றார் வீரமணியிடம். பிறகு அபிநயாவிடம் திரும்பினார். "நீ சொல்லு. உங்கப்பாவுக்குத் தெரியலைன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

செம்மண் பள்ளத்தை அவரும்தான் பார்த்தார். அதை இரண்டு பேரும் அந்த நேரத்தில் நினைத்தார்கள். அவள் என்ன சொல்லப் போகிறாள் என்பதைப் பொறுத்துத்தான் அவர் அடுத்துப் பேசுவார் என்பது அவளுக்குப் புரிந்தது.

"தெரியாது சார்," என்றாள்.

"அதுக்கு ஒண்ணும் தெரியாதுங்க," என்று வீரமணி உடனே சொன்னார். "சின்னப் பொண்ணு. நான்தாங்க. நாலு பேர் மரியாதையா பாக்கறாங்களேன்னு ஆசப்பட்டு சொல்லிட்டேன். குடிகாரன் புத்திங்க." கைகூப்பினார். கூப்பிய கை பெட்டியை நோக்கி இருந்தது.

வீட்டுக்கு நடந்து போனார்கள். ஆட்டோ வேண்டாம் என்றார். துருகம் ரோடு திரும்பியதும் அவரே தொடங்கினார்.

"ஆஸ்பத்திரியிலேயே சொல்லிட்டாங்க அபி, நரம்பு செத்துப்போச்சுன்னு. செத்த நரம்புல இன்னாத்த ஒட்டினாலும் வராதுன்னு எனுக்குத் தெரியாதா? நீ படிக்கச் சொல்லோ ஒரு எடத்துல தண்ணி குடிச்ச. சரி, புள்ளைக்கு இந்த வேல வேணும்போலன்னு நெனச்சேன்."

"அப்ப ஏன்ப்பா ஒத்துக்கின?"

"சும்மாதானே கெடக்குது கண்ணு."

அவள் அழுதாள். அவர் அதைக் கேட்டுக்கொண்டே நடந்தார்.

"பாவாட பாவம்," என்றார் கொஞ்சம் கழித்து. "அவன் வருவான்னு நான் நெனக்கல."

அந்த வாரமே பாவாடையின் கண்ணில் சீழ் வைத்தது. கம்பெனிக் கவனம் முழுக்க அப்போது சுபஸ்ரீயின் அறிக்கைமேல் இருந்தது. சாலம்மாள் மூன்று நாள் மண்டபத்துக்கு நடந்தாள். டாக்டர் மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள். அபிநயா சொட்டு மருந்து எடுத்துக் கொடுத்தாள், சென்னைக்குப் போன் செய்தாள், நாளைக்கு என்றார்கள். நான்காம் நாள் சென்னைக்குக் கொண்டுபோனபோது கண்ணை எடுத்துவிடத்தான் முடிந்தது.

பாவாடைக்கு விடிவது தெரியாமல் போனது. அது வரை அவர் கோழிக்கு முன்னால் எழுந்து வாசலில் உட்காருவாராம். கண் எடுத்து வந்த மறுநாளும் அப்படியே உட்கார்ந்துவிட்டு, "சாலா, பொழுது விடிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். சாலம்மாள் இதை அபிநயாவிடம் வந்து சொன்னாள். திட்டவில்லை. சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கம்பெனிக்குப் பெரிய சேதம் இல்லை. பங்கேற்றவர் பொய் சொன்னார் என்று வீடியோவை எடுத்துவிட்டார்கள். பாதுகாப்புச் சோதனை நிறைவு, இருவரில் ஒருவருக்குத் தொற்று, காரணம் வீட்டுச் சுகாதாரக் குறைவு என்று அறிக்கை போனது. அந்தக் கடைசி வரியைத் தட்டச்சு செய்தவள் அபிநயா. வீரமணியின் கண்ணில் இருந்த படலத்தை எடுக்க வேண்டாம், எடுக்கப்போனால் வேறு தொந்தரவு என்று விட்டுவிட்டார்கள். தெருவில் சின்னப் பிள்ளைகள் அவர் முன்னால் விரலைக் காட்டி, "தாத்தா, இது எத்தினி?" என்று கேட்டுவிட்டு ஓடும். அவர் ஏதாவது ஒரு எண்ணைச் சொல்வார்.

மண்டபத்தைக் காலி செய்த அன்று இளஞ்செழியன் சென்னை லேபுக்கான கடிதத்தை அவளிடம் நீட்டினார். "நடந்ததை மறந்துடு. உனக்கு நல்ல மூளை," என்றார். அவள் வாங்கிக்கொண்டாள். அப்பாதான் பையை எடுத்து வைக்கச் சொல்லி அவசரப்படுத்தினார். பக்கத்து வீட்டில் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்துவிட்டு அவள் கிளம்பினாள்.

சென்னையில் அடுத்த கட்டம் தொடங்கியது. இந்த முறை நரம்பு உயிரோடு இருக்கிறவர்கள், விழித்திரை மட்டும் பரம்பரை நோயில் கெட்டுப்போனவர்கள். முதல் ஆள் ராஜாங்கம் என்ற ஓய்வுபெற்ற தபால்காரர். பன்னிரண்டு வருட இருட்டு அவருக்கு. சத்தம் எழுப்பாத புதிய பெட்டி. விளக்கைக் கழற்றிப் பார்த்தார்கள், மாற்றிப் பார்த்தார்கள், அவர் பின்னால் நின்று பார்த்தார்கள். எரிந்தால் எரிகிறது என்றார், எரியாவிட்டால் இல்லை என்றார். நான்காம் வாரம் ஜன்னல் திரையை யாரோ விலக்கியபோது திடுக்கிட்டுத் தலையைத் திருப்பினார். ஜன்னல் எங்கே இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. எழுந்து தடவித் தடவி அந்தப் பக்கம் போய், கண்ணாடியில் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அபிநயாவின் கையைத் தேடிப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அறையில் எல்லோரும் கைதட்டினார்கள். இளஞ்செழியன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது நிஜமான கண்ணீர்தான்.

அபிநயா படிக்கட்டில் போய் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் செய்தாள்.

"அப்பா, வேல செய்யுதுப்பா. ஒருத்தருக்கு வெளிச்சம் தெரியுது. மெய்யாவே தெரியுது."

வீரமணிக்குப் பக்கத்தில் யாரோ இருமும் சத்தம் கேட்டது.

"எந்த ஊருக்காரரு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"செங்கல்பட்டு."

"நல்லா இருக்கட்டும்." குரலை இன்னும் தாழ்த்தினார். "பாவாட பக்கத்துல குந்திக்கினு இருக்கான். தெனைக்கும் வந்து குந்திக்கிறான். அவனாண்ட இத சொல்லாத, இன்னா?"

"சரிப்பா."

பின்னாலிருந்து பாவாடையின் குரல் வந்தது. "யாரு மச்சான் போன்ல? அபியா?"

"இல்ல மச்சான்," என்று வீரமணி சொல்வது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. "ராங் நம்பரு."

போன் அணைந்தது.